கரும்பாறை வெளியில் வெண்சுவர்: லான்சரோட்டே தீவில் ஒரு நடைத்தடக் காப்பிக் கடை உருவான விதம்

பின்னணி

ஸ்பெயினுக்கு உரிய கனேரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. 1730 செப்டம்பர் 1 அன்று அங்கே தொடங்கிய எரிமலை வெடிப்பு 1736 ஏப்ரல் 16 வரை நீடித்தது. தீவின் நிலத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு எரிகுழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் மறைந்தது. 1824இல் மறுபடியும் வெடித்தது. அந்த வெளியின் மையப் பகுதி 1974 முதல் திமன்ஃபாயா தேசியப் பூங்காவாக இருக்கிறது. பூங்காவுக்குள் பயணிகள் தம் விருப்பம்போல் நடந்து திரிய முடியாது. அதைச் சூழ்ந்துள்ள காப்பு நிலத்திலோ எரிமலை வாய்களைச் சுற்றி வரும் நடைத்தடங்கள் பல உண்டு. ஆண்டு முழுவதும் அவற்றில் ஆள் நடமாட்டம் இருக்கிறது.

அத்தகைய தடம் ஒன்றின் ஓரத்தில், எரிகுழம்பு வெளியின் விளிம்பில், ஒரு குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்த நிலம் இருந்தது. அதில் கூரை இடிந்த பழைய களஞ்சியமும், சுண்ணாம்பு பூசிய நிலத்தடி நீர்த்தொட்டியும், திராட்சை பயிரிட்டுப் பின் கைவிடப்பட்ட சில குழிகளும் எஞ்சியிருந்தன. நிலத்துக்கு உரிய நடுத்தர வயதுத் தம்பதி, நடைப்பயணிகள் சற்று அமர்ந்து காப்பி அருந்திச் செல்லும் சிறிய கடை ஒன்றை அங்கே நடத்த விரும்பினார்கள். காப்பு நிலத்தில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி பெறுவது மிகக் கடினம் என்பதால், இருக்கும் களஞ்சியத்தைச் சீரமைத்துப் பயன்படுத்துவது என்ற வழியில் தொடங்கினார்கள். ஊர், உரிமையாளர், கட்டடக் கலைஞர் எவருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. நான் இந்தப் பணியை ஆவணப்படுத்தும் பொறுப்பில் இருந்தேன்.

தம்பதி முன்வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: கடை நிலத்தோடு கலந்துவிட வேண்டும், தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே கூடாது. இந்தக் கோரிக்கையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றேதான் என்று தொடக்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். பணி முழுவதும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே இதைச் சொல்லலாம்.

இடமும் நிலமும்

வடிவமைப்புக்கு முன் நிலத்தைப் படிப்பதற்காக ஒரு நிலவியலாளரும், ஊரைச் சேர்ந்த வயதான கல்கட்டுக் கொத்தனார் ஒருவரும் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் சுட்டிய மூன்று செய்திகளே பின்னால் எல்லா முடிவுகளையும் தீர்மானித்தன.

முதலாவது, அந்த நிலம் எதையும் மறப்பதில்லை. ஆண்டு மழை சுமார் 150 மில்லிமீட்டர். அதுவும் குளிர்காலத்தில் சில நாட்களில் பெய்து முடிந்துவிடும். மூடி மறைக்கப் புல் கிடையாது. தீவில் ரோஃபே என்று சொல்லப்படும் கரிய எரிமலைச் சரளையின் மேல் ஒருவர் நடந்தால், மேலே வெயிலில் வெளுத்த அடுக்கு விலகி, அடியில் இருக்கும் கருமையான அடுக்கு வெளிவரும். அந்தத் தடம் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். உறைந்த குழம்புப் பாறையின் மேல் சாம்பல் நிறத்தில் படர்ந்திருப்பது ஸ்டீரியோகாலோன் என்னும் கற்பாசி. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளில் அது வளர்ந்த அளவே இன்று நாம் காணும் அளவு. கல்லைப் புரட்டினால், கற்பாசி இல்லாத கரிய பக்கம் மேலே வந்து, வெட்டுக்காயம் போலத் தெரியும்.

இரண்டாவது, பாறைக்கு அடியில் வெற்றிடங்கள் இருக்கக்கூடும். எரிகுழம்பின் மேற்பரப்பு உறைந்த பின்னும் உள்ளே குழம்பு ஓடி வடிந்துவிட்டால் குழாய் வடிவக் குகை மிஞ்சுகிறது. தீவின் வடக்கே லா கொரோனா எரிமலையிலிருந்து கடல்வரை செல்லும் குகை 6 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இந்த நிலத்தில் அவ்வளவு பெரிதாக எதுவும் இல்லாவிட்டாலும், கம்பியால் தட்டிப் பார்த்த இடங்களில் சில உள்ளீடற்ற ஒலி கொடுத்தன.

மூன்றாவது காற்று. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று கோடையில் ஓய்வதே இல்லை. அவ்வப்போது சகாராவிலிருந்து புழுதிக்காற்று கிழக்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வந்து வானத்தைப் பழுப்பாக்கிவிடும். எனவே கதவும் சன்னலும் வைக்க நம்பத் தகுந்த ஒரே பக்கம் தென்மேற்கு.

முதல் வரைவு

கட்டடக் கலைஞர் முதலில் வரைந்தது, பாறைக்குள் அரைவாசி புதைந்த, கருங்கல் உறையிட்ட, முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த ஒரு கூடம். கூரையின்மேல் எரிகுழம்புக் கற்களைப் பரப்பிவிட்டால் மேலிருந்து பார்த்தாலும் தெரியாது என்பது எண்ணம். இதற்கு முன்னோடியாக அவர் காட்டியவை, அதே தீவில் பிறந்த கலைஞர் செசார் மன்ரிக்கேயின் (1919–1992) படைப்புகள்.

இந்த முன்னோடிகளை உற்றுப் பார்த்தபோதுதான் விவாதம் சூடுபிடித்தது. கடல்முனைக் குகையில் அமைந்த ஹமேயோஸ் தெல் ஆகுவாவிலும், தஹிச்சேயில் ஐந்து எரிகுழம்புக் குமிழிகளை அறைகளாக்கி அவர் கட்டிய வீட்டிலும், வெற்றிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்குள் அவர் இறங்கினார். தஹிச்சே வீட்டில் நிலத்துக்கு மேலே எழும் பகுதி, தீவின் நாட்டுப்புற வீடுகளைப் போலவே பளிச்சென்ற வெள்ளை. அதை அவர் மறைக்க முயன்றதாகத் தெரியவில்லை.

அவருடைய படைப்புகளில் உண்மையிலேயே மறைந்திருக்கும் கட்டடம் 1973இல் திறக்கப்பட்ட மிராதோர் தெல் ரியோ என்னும் காட்சிமாடம். குன்றின் உச்சியில் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் அது ஒடுங்கிக் கிடக்கிறது. உள்ளே போன பிறகுதான் பெரிய சன்னல் வழியே கடலும் எதிர்த் தீவும் விரிகின்றன. வரைவுக்கு ஆதரவான வலுவான சான்று இதுதான், அதை எளிதாக ஒதுக்க முடியவில்லை. ஆனால் அங்கே வருகிறவர்கள் சாலை வழியாக வண்டியில் வந்து வாசலிலேயே இறங்குகிறார்கள். கட்டடத்தைத் தேட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. நடைத்தடத்தில் களைத்து வருகிறவரின் நிலை வேறு. இந்த வேறுபாட்டை முதலில் சொன்னவர் கொத்தனார்தான்; அவர் கேட்டது, “கடை தெரியாவிட்டால் ஆள் எந்தப் பக்கம் நடப்பான்?” என்ற ஒரே கேள்வி.

திமன்ஃபாயாவுக்குள் 1970 முதல் இயங்கும் எல் தியாப்லோ உணவகத்தைப் போல நிலத்தின் சூட்டிலேயே சமைக்கலாமா என்றும் உரிமையாளர்கள் கேட்டிருந்தார்கள். அங்கே சில மீட்டர் ஆழத்திலேயே நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் இருக்கிறது. இந்த நிலத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நிலவியலாளர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கம்பும் துணியும்

கருத்து வேறுபாட்டை மேசையில் பேசித் தீர்க்க முடியாததால், இரண்டு வகைக் கடையையும் அதே இடத்தில் மாதிரியாக நிறுத்திப் பார்ப்பது என்று முடிவானது. குழி தோண்டாமல், பழைய களஞ்சியத்தின் சுவர்க் கற்களுக்கு இடையே மரக்கம்புகளைச் செருகி, கயிறு கட்டிக் கட்டடத்தின் உயரமும் மூலைகளும் காட்டப்பட்டன. முதலில் அதன்மேல் கரிய வலை போர்த்தப்பட்டது. அடுத்து வெள்ளைத் துணி. இரண்டு நிலையிலும் தடத்தில் “காப்பிக் கடை” என்ற சிறு பலகை மட்டும் வைக்கப்பட்டது. நடப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தொலைவிலிருந்து கவனிக்கப்பட்டது.

கரிய வலை போர்த்தியிருந்தபோது, பலகையைப் படித்தவர்கள் நின்று சுற்றிலும் பார்த்தார்கள். பிறகு உயரமான இடத்திலிருந்து பார்க்கலாம் என்று அருகில் இருந்த சரளை மேட்டில் ஏறினார்கள், அல்லது பாறைகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் குறுக்கே போனார்கள். குழந்தைகளோடு வந்தவர்களிடம் இது அதிகம். வெள்ளைத் துணியாக மாற்றியபோது பெரும்பாலோர் தடத்தின் வளைவு வரை சென்று, பழைய வண்டிப்பாதை வழியாகவே வந்தார்கள். கண்ணுக்கு இலக்கு ஒன்று இருக்கும்போது கால் தேடி அலைவதில்லை.

கரிய மாதிரியின் முன், வரைவிலிருந்த முகப்புக் கண்ணாடிக்கு மாதிரியாக வைத்த ஒரு கண்ணாடித் தகடு இன்னொன்றையும் காட்டியது. பிற்பகல் வெயிலில் அதன் ஒளித்தெறிப்பு எதிரே உள்ள எரிமலை வாயின் விளிம்பில் நிற்பவர்கள் கண்ணில் பட்டது. மறைப்பதற்காக வரைந்த கட்டடத்தில் மிகத் தொலைவிலிருந்தும் தெரியக்கூடியது அதன் கண்ணாடிதான் என்பது எல்லோருக்கும் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பாறையைத் தோண்டுவது முற்றிலும் கைவிடப்பட்டது. வெற்றிடம் பற்றிய அச்சம் ஒரு காரணம். வெட்டியெடுக்கும் கல்லை எங்கே போட்டாலும் கற்பாசி படியாத கரிய குவியலாக அது கிடக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். களஞ்சியத்தின் பழைய அடித்தளத்துக்கு வெளியே ஒரு சாண் கூடப் போவதில்லை என்பது விதியாக ஏற்கப்பட்டது. சுவரின் உயரமும் பழைய சுவரின் அடையாளத்தைத் தாண்டவில்லை.

சுவர்கள் வெள்ளைச் சுண்ணாம்பு பூசப்பட்டன; மரவேலைகளுக்கு, தீவின் உள்நாட்டு ஊர்களின் வழக்கப்படி பச்சை வண்ணம் அடிக்கப்பட்டது. இதை ஏற்க உரிமையாளர்களுக்கு நாள் பிடித்தது. கரிய வெளியில் வெள்ளைச் சுவர் எப்படிக் கலக்கும் என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானதே. அவர்களை மாற்றியது வாதம் எதுவுமில்லை. அதே வெளியைத் தாண்டிப் பார்த்தால் தெரியும் ஊர்தான். நூற்றாண்டுகளாக அந்தக் கருநிலத்தின் நடுவே வெள்ளை வீடுகள்தான் இருந்துவருகின்றன. அங்கே கரிய பெட்டி ஒன்றுதான் புதியவராகத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பியனுப்பி உள்ளறையைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பதும், கரிய கல்லுறை நாள் முழுவதும் சூட்டை வாங்கி மாலையில் உள்ளே விடும் என்பதும் கூடுதல் காரணங்கள். வடகிழக்குச் சுவரில் ஒரு துளையும் இல்லை. தென்மேற்கில் இரண்டு சன்னல்கள், சுவரின் தடிமனுக்குள் ஆழமாக உள்வாங்கி அமைந்தன. உச்சிவெயில் கண்ணாடியில் படாது என்பதோடு, மாலை வெயிலின் தெறிப்பும் பெருமளவு குறைந்துவிட்டது.

இருக்கைகள் பற்றிய முடிவே இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீவின் லா ஹேரியா பகுதியில், சாம்பலில் 3 மீட்டர் வரை ஆழமுள்ள புனல் வடிவக் குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு திராட்சைக் கொடியை நட்டு, காற்று வரும் பக்கம் சாந்தில்லாமல் அரைவட்டக் கல்சுவர் எழுப்பியிருப்பார்கள். வெடிப்பு விளைநிலத்தை மூடியபின் உழவர்கள் கண்டுபிடித்த வழி அது: அடியில் இருக்கும் பழைய மண்ணை வேர் எட்டும், மேலே உள்ள சரளை ஈரத்தைக் காக்கும், சுவர் காற்றைத் தடுக்கும். இந்த நிலத்திலும் அவ்வாறு கைவிடப்பட்ட குழிகள் இருந்ததால், கட்டடத்துக்கு மிக அருகில் இருந்த சிலவற்றைச் சற்று அகலப்படுத்தி, அரைவட்டச் சுவரின் உட்புறம் கல்திண்ணை அமைத்தார்கள். கொடி நின்ற இடத்தில் மனிதர் அமர்கிறார். குழிக்குள் அமர்ந்திருப்பவருக்குக் காற்று இல்லை. தடத்தில் நடப்பவருக்கு அவர் தெரிவதும் இல்லை. நிழற்குடைகள் வேண்டாம் என்று சொல்ல இதுவே வலுவான காரணமாயிற்று. மறைய வேண்டியவை குடையும் நாற்காலியும் கூட்டமும்தான், சுவர் இல்லை என்ற தெளிவு இங்கேதான் முழுமையாக வந்தது.

கட்டடத்துக்கும் குழிகளுக்கும் இடையிலுள்ள நிலத்தில் போட வேண்டிய ரோஃபே, சுற்றியுள்ள வெளியில் அள்ளப்படாமல், அனுமதி பெற்ற குவாரியிலிருந்து வாங்கப்பட்டது. குவாரிக்குக் குவாரி நிறம் செம்மைக்கும் கருமைக்கும் இடையே மாறும். வாங்கும் முன் மாதிரிகளை நிலத்தில் கொட்டி, காலையிலும் மாலையிலும், தண்ணீர் தெளித்தும் தெளிக்காமலும் ஒப்பிட்டார்கள்.

தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் முதலில் கொஞ்சம் கற்பனை இருந்தது. பழைய தொட்டியைச் செப்பனிட்டு மழைநீரிலேயே கடையை நடத்தலாம் என்பது அழகான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், நூறு சதுர மீட்டர் கூரையில் 150 மில்லிமீட்டர் மழை என்பது, ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், ஆண்டுக்கு 15,000 லிட்டர். ஒரு முறைக்கு 6 லிட்டர் செலவாகும் கழிப்பறையில் அது 2,500 முறைக்குத்தான் வரும். பாத்திரம் கழுவவும் காப்பி போடவும் எதுவும் மிஞ்சாது. லான்சரோட்டே 1964இலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்த தீவு. இன்றும் குடிநீருக்கு அந்த வழியைத்தான் நம்பியிருக்கிறது. எனவே குடிக்கவும் சமைக்கவும் அந்த நீர் லாரியில் வருவது என்றும், மழைத்தொட்டி நீர் துடைப்பதற்கும் கழுவுவதற்கும் என்றும், கழிப்பறை தண்ணீர் தேவைப்படாத உலர் வகை என்றும் முடிவானது. கழிவுநீரை நிலத்தில் விடுவது பேச்சுக்கே வரவில்லை: விரிசல்கள் நிறைந்த அந்தப் பாறையில் ஊற்றும் நீர் வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். மூடிய தொட்டியில் சேர்த்து வண்டியில் அகற்றுகிறார்கள்.

ஒளி

கடை சூரியன் மறையும் முன் மூடப்படும்; வெளியே விளக்கே இல்லை. கனேரித் தீவுகளில் கூடு கட்டும் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகளின் குஞ்சுகள், அக்டோபர், நவம்பர் மாதங்களில் முதன்முறையாக இரவில் பறந்து கடலுக்குச் செல்லும்போது செயற்கை விளக்குகளால் திசைதவறித் தரையில் விழுகின்றன. கடை நிலத்துக்குள் தள்ளி இருந்தாலும், இருண்ட வெளியின் நடுவே ஒரே விளக்காக இருப்பதை எவரும் விரும்பவில்லை.

கட்டுமானம்

வேலை நடந்தபோது இயந்திரம் எதுவும் பழைய வண்டிப்பாதையைத் தாண்டி விடப்படவில்லை. கல், சுண்ணாம்பு, மரம் எல்லாம் கடைசித் துண்டுத் தூரம் கையாலேயே சுமந்து செல்லப்பட்டன. செலவும் நாளும் கூடின. உரிமையாளர்கள் இதைப் பற்றி முறையிட்டதும் உண்டு. அரைவட்டச் சுவர்களுக்குக் கல் எடுத்தபோது, கற்பாசி படர்ந்த முகம் வெளிப்புறம் இருக்குமாறு ஒவ்வொன்றையும் திருப்பி வைக்க வேண்டும் என்று கொத்தனார் வலியுறுத்தினார். வேகமாக அடுக்கிப் பழகிய இளம் தொழிலாளர்களுக்கு இது எரிச்சலூட்டியது. முடிந்த சுவர் மட்டும் கட்டி முடித்த அன்றே பழையதுபோல் இருந்தது.

திறந்த பிறகு

முதல் கோடையில் பெரும்பாலானவை எதிர்பார்த்தபடியே நடந்தன. தடத்திலிருந்து வருகிறவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்து நேராக வண்டிப்பாதையில் வந்தார்கள். சரளை மேட்டில் புதுத் தடங்கள் தோன்றவில்லை. மாதிரி வைத்த நாட்களில் விழுந்த தடங்கள்தான் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

எதிர்பாராதது குழிகளுக்கு இடையே நிகழ்ந்தது. ஒரு குழி நிரம்பியிருந்தால் அடுத்தது காலியா என்று பார்க்க, கையில் கோப்பையோடு மக்கள் சுவரின் பின்புறமாகச் சுற்றி நடந்தார்கள். அமர்ந்திருப்பவரை மறைத்த அதே சுவர், காலி இடத்தையும் மறைத்துவிட்டது. உரிமையாளர்கள் இதற்குப் பலகை வைக்கவில்லை. காப்பி வாங்கும் மேடைக்கு அருகே, குழிகளின் வரிசைப்படி ஆணிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தகடு மாட்டினார்கள்; தகட்டை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்தக் குழி, கோப்பையோடு தகடும் திரும்பி வரும். இதன்பின் சுற்றி நடப்பது வெகுவாகக் குறைந்தது.

காகிதக் கோப்பை தொடக்கத்திலிருந்தே இல்லை. காற்று பலமாக வீசும் அந்த வெளியில் ஒரு கோப்பை பறந்தால் பாறைப் பிளவுகளுக்குள் போய்ச் சிக்கும். எடுக்கப் போகிறவர் கற்பாசியை மிதிக்காமல் எடுக்க முடியாது. கையில் எடுத்துச் செல்லக் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்வதால் வருவாய் கொஞ்சம் குறைகிறது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சுண்ணாம்புப் பூச்சு புழுதிக்காற்றுக்குப் பின் பழுப்பேறுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளையடிக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்ததுதான். கட்டடக் கலைஞர் மட்டும் அந்தப் பழுப்பை அப்படியே விட்டுவிடலாம் என்று இன்னும் சொல்லிவருகிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தண்ணீர் லாரி வந்து திரும்பும் இடம் வரைபடத்தில் தனியாகக் காட்டப்படவில்லை. வண்டிப்பாதை போதும் என்று கொள்ளப்பட்டது. ஆனால் லாரி பின்னோக்கித் திரும்பும்போது சக்கரம் பாதையோரச் சரளையில் ஏறியது. அங்கே விசிறிபோல் விழுந்த தடம்தான் இன்று அந்த நிலத்தில் மிகவும் உறுத்தலாகத் தெரிவது. இதுபோன்ற பணியில், சுவர் எங்கே வரும் என்று பேசுவதற்கு முன்பே சரக்கும் நீரும் கழிவும் வந்துபோகும் வழியை வரைந்துவிட வேண்டும் என்பது குழுவினர் அனைவரின் கருத்து. லாரிக்குப் பதிலாகச் சாலையோரத்திலேயே குழாய் இணைப்பு வைத்து, அங்கிருந்து பழைய பாதையின் ஓரமாகக் குழாயைக் கொண்டுவருவதற்கான விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்கிறது.

மாதிரி நிறுத்திய சோதனையும் வேறு இடத்தில் நடந்திருக்கலாம். கடையின் நிறத்தைத் தீர்மானிக்க உதவிய அந்த நாட்கள்தான் சரளை மேட்டில் அழியாத தடங்களை விட்டன. ஏற்கெனவே மிதிபட்ட நிலத்தில், அதே தூரத்தையும் வளைவையும் அமைத்துச் செய்திருந்தால் அதே விடை கிடைத்திருக்கும்.

கூட்டம் கூடும் மாதங்களில் இருக்கை போதாததால், மேலும் இரண்டு குழிகளைத் திறக்கத் தம்பதி அனுமதி கேட்டிருக்கிறார்கள். கைவிடப்பட்ட பழைய குழிகளைத் தொட வேண்டாம், லாரிச் சக்கரம் கிளறிய அந்த விசிறி வடிவ இடத்திலேயே அவற்றை அமைக்கலாம் என்று கொத்தனார் யோசனை சொல்லியிருக்கிறார். குழாய் வந்து லாரி நின்ற பிறகே அதைத் தொடங்க முடியும். கல்லை மட்டும் அவர் இப்போதே பொறுக்கி வைத்துவருகிறார்.